அந்தத் தொட்டியைக் கழுவி ஊத்தாதீங்க!

போன புதன்கிழமை சிம்போசியம் மீட்டிங்கில் ஒரு தீர்மானம் கிட்டத்தட்ட நிறைவேறிவிட்டது. கீழ்த்தள வராண்டாவில், நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் பாசி பிடித்து நிற்கிறதே ஒரு 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அதை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர், புது மணல், புது மீன் என்று மூன்று வாரத்தில் மறுபடி திறப்பது. "ஒரு சனி ஞாயிறு வேலைதாம்ணே" என்றான் இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன். கைதட்டல்கூட விழுந்தது.

நான் மட்டும் கையைத் தூக்கி வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் லஞ்ச் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்தத் தொட்டி செத்துப்போகவில்லை. உள்ளே ஒரு க்ளவுன் மீன் இருக்கிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அதே 'நீமோ' மீன்தான். பாசிக்குப் பின்னால், மோட்டார் குழாய்க்கு அடியில் ஒதுங்கி நிற்பதால் பலருக்குத் தெரிவதில்லை. கல்லின் ஒரு மூலையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஏழெட்டு ஜோவாந்தஸ் பூக்களும் சுருங்கிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. பூ என்று சொன்னாலும் அவை பவளத்துக்கு உறவான விலங்குகள். இவை உள்ளே இருக்கும்போது நாம் பேசவேண்டியது திறப்பு விழாவைப் பற்றி இல்லை.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது?

ஜூனியர்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐ.ஓ.டி. புராஜெக்டாகத்தான் இந்தத் தொட்டி வந்தது. வெப்பநிலைக்கு ஒரு சென்சார், பி.எச்-க்கு ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு டாஷ்போர்டில் பச்சை விளக்காக எரியும். சிவில் நண்பர்கள் சிமென்ட்டில் ஓட்டை ஓட்டையாகக் கல் வார்த்து, வாரக்கணக்கில் ஊறவைத்துக் காரம் போக்கிக் கொடுத்தார்கள். கடலே பார்க்காத சங்கரன்கோவில் காலேஜில் ஒரு துண்டுக் கடல்! சிறப்பு விருந்தினர் குனிந்து பார்த்துவிட்டு "மார்வலஸ்" என்றார். முதல் பரிசும் வந்தது.

அப்புறம் செமஸ்டர் முடிந்தது. டீமில் இருந்த சீனியர்கள் பாஸ் அவுட் ஆனார்கள். கோடை விடுமுறை வந்தது. ஜூனில் நாங்கள் திரும்பி வந்து டாஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சையாகவே எரிகிறது. பி.எச். 8.2. வெப்பநிலை 26. அட, பரவாயில்லையே என்று நிம்மதியாக வகுப்புக்குப் போய்விட்டோம்.

சென்சார் போர்டு ஏப்ரலிலேயே செத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. புதுத் தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி டாஷ்போர்டு எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான். மாதக்கணக்கில் அந்தத் தொட்டியைப் பற்றி என் புரோகிராம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை நம்பி நானும் எட்டிப் பார்க்காமல் இருந்தேன். வராண்டாவில் இருபதடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும்.

அப்படியானால் மீன் எப்படிப் பிழைத்தது? லேப் அண்ணாச்சியால். விடுமுறையிலும் டியூட்டிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் குறைந்திருப்பது கண்ணில் படும்போதெல்லாம் குடிக்கிற கேனில் இருந்து ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார். மீன் தீனி டப்பாவில் இருந்து ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார். "வாய் இல்லாத சீவன்லா தம்பி, பாத்துட்டு எப்படிச் சும்மா போறது?" என்றார். அவருக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. பரிசு வாங்கியது நாங்கள்.

உப்பு எங்கேயும் போகாது

அண்ணாச்சி செய்தது எவ்வளவு சரியான வேலை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். 60 லிட்டர் தொட்டி என்றால் 2,100 கிராம். நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது, அப்படியே உள்ளே நிற்கும். போன மாதம் ரிஃப்ராக்டோமீட்டர் கடன் வாங்கி அளந்தோம். தண்ணீர் 48 லிட்டராகக் குறைந்திருந்தது. 2,100-ஐ 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 44. கருவியும் அதை ஒட்டித்தான் காட்டியது. அந்த மீன் கடலைவிட உப்பான ஒரு கடலில் இருந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் செம்புத் தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

ஆவியான இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. கடல் மீன் வளர்க்க ஆரம்பிக்கிற பலர் இங்கேதான் தப்புச் செய்கிறார்கள். "கடல் மீனுக்கு ஏன் நல்ல தண்ணி?" என்று கேட்டு, குறையக் குறைய உப்புத் தண்ணீரை ஊற்றி, சில மாதத்தில் தொட்டியை ஊறுகாய் ஜாடி ஆக்கிவிடுவார்கள்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் வழியும் அதிலேயே இருக்கிறது. அன்றாடம் ஆவியாவதை ஈடுகட்டியதுபோக, தினம் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 12 நாளில் 60 லிட்டர். உப்பும் 35-க்கு வந்துவிடும். கண்ணாடி விளிம்பில் பூத்து உதிர்ந்த உப்பால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதை அளந்து சரிசெய்துகொள்ளலாம். ஆக முதல் 12 நாளைக்கு வாங்க வேண்டியது தண்ணீர் கேன் மட்டும்தான். ஒரே நாளில் 12 லிட்டரையும் கொட்டினால் என்ன? உடம்பு பழகிய உப்பளவு திடீரென்று மாறினால், இதுவரை தாங்கிய ஜோவாந்தஸ் அந்த அதிர்ச்சியில் போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் எதைக் கொல்லும்?

பார்க்கிறவர்களுக்கு அந்தத் தொட்டியில் இருப்பது அழுக்கு. ஆனால் அந்தச் சிமென்ட் கல்லின் ஓட்டைகளிலும் மணலிலும் இரண்டு வருடமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் தொட்டியின் உண்மையான மெஷின். மீன் கழிவில் இருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டின் விஷம் மிகக் குறைவு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அதை வெளியேற்றிவிடலாம்.

இந்த பாக்டீரியாக்களுக்கு அவசரமே கிடையாது. வசதி கிடைத்தால் ஈ.கோலி 20 நிமிடத்தில் இரண்டு மடங்காகும். இவற்றுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவைப்படும். அதனால்தான் புதுத் தொட்டியில் இந்தச் சுழற்சி நிலைப்பட நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் இரண்டு வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் கொன்றுவிட்டு, மூன்றாவது வாரம் புது மீனைக் கொண்டுவந்து அம்மோனியாவுக்குள் விடுவோம். திறப்பு விழா அன்றைக்கு மீன் அழகாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் மிதக்கும்.

மணலையும் கிளறக் கூடாது. காற்றுப் படாத அடிமணலில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயுதான். மீன் உள்ளே இருக்கும்போது கரண்டியை விட்டுக் கிண்டினால் மொத்தமும் மேலே வரும்.

மூன்று குறுக்கு வழிகள்

மீட்டிங்கில் வந்த மற்ற யோசனைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களைக் கிண்டல் செய்யவில்லை, போன வருடம் இவற்றை நானும் யோசித்தவன்தான்.

ஒன்று: "கல்லுப்பு போட்டா என்ன? தூத்துக்குடி உப்பு, கடல்ல இருந்துதானே வருது?" கடலில் இருந்துதான் வருகிறது. ஆனால் உப்பளம் என்பதே ஒரு பிரித்தெடுக்கும் தொழிற்சாலை. பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் கால்சியம் கார்பனேட் படியும், பிறகு ஜிப்சம் படியும், அதற்கு அப்புறம்தான் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் பெரும்பாலும் மிச்சக் கழிவு நீரோடு போய்விடும். பாத்தியில் இருந்து வாரி எடுப்பதில் ஏறக்குறைய எல்லாமே சோடியம் குளோரைடு. சாம்பாருக்கு அது போதும். ஆனால் கடலில் கரைந்திருப்பதில் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. பவளம் எலும்பு கட்டுவது அந்தக் கால்சியத்தை வைத்துத்தான். இதற்கென்றே விற்கிற சால்ட் மிக்ஸ்தான் வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் வாரம் ஆறு லிட்டர் மாற்ற 210 கிராம் போதும்.

இரண்டு: "தூத்துக்குடிக்குப் போய் நாலு கேன் கடல் தண்ணி பிடிச்சிட்டு வந்துரலாம்." போகலாம், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆனால் நமக்கு எளிதில் கை எட்டுவது கரையோரத் தண்ணீர். துறைமுகமும் ஆலைகளும் ஊர்ச் சாக்கடையும் சேருகிற கரை அது. கேனில் அடைத்து வெயிலில் கொண்டுவருவதற்குள் அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அழுக ஆரம்பித்துவிடும். அதோடு, ஒவ்வொரு வாரமும் யார் போவது?

மூன்று: "ராமேஸ்வரம் பக்கம் பவளக் கல் கிடைக்கும், நாலு எடுத்துப் போட்டா சூப்பரா இருக்கும்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. கல் போலத் தெரியும் அந்தக் கட்டிப் பவளங்கள் அத்தனையும் 2001-ல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. செத்து வெளுத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம்.

சட்டத்தை விடுங்கள். இந்தக் கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டுகள் அங்கே பவளத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் அது போனது. அலையைத் தடுத்து நின்ற பவளத் திட்டு போன பிறகு தீவு கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்ததைச் செயற்கைத் திட்டுகளை இறக்கித்தான் தடுத்துப் பார்க்கிறார்கள். நாலு கல்தானே என்று நினைத்துத்தான் அங்கேயும் எல்லோரும் எடுத்திருப்பார்கள்.

கடலிலும் இதே வேலைதான் நடக்கிறது

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் இருந்து மன்னார் வளைகுடாவில் அழிந்த பவளத் திட்டுகளை மீட்கும் வேலையை அவர்கள் செய்துவருகிறார்கள். அவர்கள் கடலைக் கொட்டிக் கழுவ முடியாது. சிமென்ட் சட்டங்களைக் கடலடியில் இறக்கி, உயிரோடு இருக்கும் பவளத்தில் இருந்து சிறு துண்டுகளை எடுத்து அதில் கட்டிவிட்டு, திரும்பத் திரும்ப முங்கிப் போய்ப் பார்க்கிறார்கள். இதில் வளர்ச்சி வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். நடுவில் 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. அதற்குப் பிறகும் அவர்கள் வேலையை விடவில்லை.

குருசடைத் தீவுப் பக்கம் இன்னொரு சிக்கல். கரையோரத்தில் தொழிலுக்காக வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி தப்பிப் போய்ப் பவளத்தை மூட ஆரம்பித்தது. அதற்கு மருந்து தெளிக்க முடியாது. ஆட்கள் முங்கிக் கையால்தான் பிடுங்குகிறார்கள். பிடுங்கினால் மறுபடி வருகிறது. மறுபடி பிடுங்குகிறார்கள்.

நம்ம தொட்டிப் பாசிக்கும் வழி அதேதான். ஒரு பழைய பல் பிரஷ், ஒரு வாளி, வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம். லைட் எரியும் நேரத்தையும் தீனியையும் பாதியாகக் குறைக்க வேண்டும். போகிற வருகிறவர்கள் மிக்ஸர் போடுவதை நிறுத்த வேண்டும். பாசியின் சாப்பாடே நாம் போடும் மிச்சம்தான்.

சரி, நான் கேட்பது என்ன?

இந்த சிம்போசியத்துக்கு அந்தத் தொட்டியைக் காட்ட வேண்டாம். முதல் 12 நாள் உப்பைச் சரிசெய்வோம். அதன்பிறகு வாரம் ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு லிட்டர் மட்டும் மாற்றுவோம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைப் போட்டு, ஒரு நாள் மோட்டார் ஓடவிட்டுக் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பார்த்து நோட்டில் எழுதுவோம். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வேண்டும். நாலு மாதத்துக்குப் புதிதாக எந்த உயிரும் வாங்கக் கூடாது. அதன்பிறகு வாங்கினாலும் பண்ணையில் பிறந்த மீன்தான். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. கடலில் இருந்து பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் இருக்கும் மீன் எங்கே பிறந்தது? அன்றைக்குக் கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்சார்களும் இருக்கட்டும். ஆனால் டாஷ்போர்டை மாற்றி எழுதிவிட்டேன். பத்து நிமிடம் தகவல் வராவிட்டால் இப்போது சிவப்பு எரியும், கடைசியாகத் தகவல் வந்த நேரத்தையும் காட்டும்.

"இந்தத் தண்ணிப் பஞ்சத்துல சங்கரன்கோவிலுக்கு எதுக்குப்பா கடல் மீனு?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இன்றைக்குப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. நல்லபடி வைத்திருந்தால் இந்த மீன் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். நாம் எல்லோரும் டிகிரி வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் இது நீந்திக்கொண்டிருக்கும். நம்மால் முடியாது என்றால் அதையும் நேர்மையாக ஒத்துக்கொள்வோம். ஒழுங்காக வளர்க்கிற ஒருவரிடம் மீனைக் கொடுத்துவிட்டு, தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கப்பி மீன் வளர்க்கலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கடலில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது. தொட்டியில் இருக்கும் நோய் கடலுக்கு வேண்டாம்.

நம்ம காலேஜில் ரிப்பன் வெட்டிய பொருள்களை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பின்பக்கம் துருப்பிடித்து நிற்கும் சோலார் சைக்கிள், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் பயோகேஸ் டிரம், மூலிகைத் தோட்டத்தின் பெயர்ப் பலகை. எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது, பரிசும் இருக்கிறது. மறுநாள் வந்து பார்க்க மட்டும் ஆள் இல்லை. அவையெல்லாம் இரும்பு, பிளாஸ்டிக், பலகை. கேட்பாரற்றுக் கிடந்தாலும் அவற்றுக்கு வலிக்காது. இந்தத் தொட்டிக்குள் இருப்பது உயிர்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, உப்பு, ஊற்றிய தண்ணீர், பார்த்தவர் பெயர் என்று நாலு கட்டம். நான் ஏப்ரலில் கிளம்பிவிடுவேன். அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒருவர் என்று ஆறு பேர் பெயர் வேண்டும். முதல் பெயராக அண்ணாச்சியுடையதை எழுதப் போனேன். "எனக்கு எதுக்கு தம்பி, நான் எப்படியும் ஊத்தத்தானே போறேன்? படிக்கிற பிள்ளைங்க பேரை எழுதுங்க" என்றுவிட்டார்.

இன்றைக்கு நாலாவது நாள். காலையில் அளந்தேன்: 41. மீன் மோட்டார் குழாயை விட்டு ஒரு ஜாண் வெளியே வந்து நின்றது. நோட்டில் மீதி இடம் காலியாக இருக்கிறது. பேனாவும் கட்டியிருக்கிறேன்.